தேர்தல் இரவுகளும் திகன கடைவீதியும்

எங்கள் வாப்பாவின் கடை இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. பழைய தெல்தெனிய நகரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அந்தப் பிடவைக் கடை இருந்தது. விக்டோரியா அணைக்கட்டு 1985இல் திறந்து வைக்கப்பட்டபோது நகரமே நீர்த்தேக்கத்தின் அடியில் போய்விட்டது. கோடை கடுமையாகி நீர் வற்றும் வருடங்களில் பழைய கட்டடங்களின் அத்திவாரங்கள் தலைகாட்டும். போய்ப் பார்த்து வருவோம். நாங்கள் திகனவுக்குக் குடிவந்த கதை அதுதான். கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் வீதியில், பல்லேகலையையும் கெங்கல்லையையும் தாண்டினால் வருகிற ஊர் இது. வேலைத்திட்டமும் மீள்குடியேற்றமும் சேர்ந்து வளர்த்த கடைவீதி.

அந்த மூழ்கிய கடையைப் பற்றி எனக்குள்ள தெளிவான ஞாபகம் ஒரு தேர்தல் இரவு. 1982 ஒக்டோபர் 20. இலங்கை மக்கள் முதன்முதலாக ஒரு ஜனாதிபதியை நேரடியாகத் தெரிவு செய்த நாள். இஷாத் தொழுகை முடிந்ததும் கடையின் முன்கதவை அரைவாசி சாத்திவிட்டு, வாப்பா வானொலியைத் துணி மேசையில் வைத்தார். பக்கத்துக் கடை முதலாளிகள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சிங்களவர் இருவர், செட்டியார் ஒருவர். முதலில் தபால் மூல வாக்குகள், பிறகு தொகுதி தொகுதியாக. ஒவ்வொரு முடிவுக்கும் வாப்பா ஒரு சிட்டையில் எண்களை எழுதிக் கூட்டினார். கூட்டிப் பார்ப்பதற்கு நேரம் இருந்தது. ஒரு முடிவுக்கும் அடுத்த முடிவுக்கும் இடையில் பாட்டுப் போடுவார்கள்.

அதே வருடம் டிசெம்பர் 22இல் பாராளுமன்றத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. விளக்கு, பானை என்று இரண்டு சின்னங்கள். விளக்கு வென்றது, இருந்த பாராளுமன்றத்தின் ஆயுள் நீண்டது. அன்றிரவு வாப்பா சிட்டை எழுதவில்லை. “இதுல கூட்ட ஒண்டுமில்ல” என்று மட்டும் சொன்னார். அரச வானொலி சொல்வதற்கும் ஊரில் நடப்பதற்கும் இடையே ஒரு தூரம் உண்டு என்று நான் அறிந்துகொண்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

பின்னாளில் நான் பாடசாலையில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் ஆனேன். தேர்தல் வரும்போது செய்தி ஏடும் சந்தையும் இன்றைய கைத்தொலைபேசியும் எப்படி நடந்துகொள்கின்றன என்ற கேள்வி பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் கண்டிச் சீமையில் வாழ்கிற ஒரு முஸ்லிமுக்கு அது பாடத்துக்கு வெளியே உள்ள கேள்வியல்ல.

*

நமது மண்ணில் இந்தக் கதை அச்சோடு தொடங்குகிறது. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கென்று ஓர் ஆசனம்கூட இல்லாத காலம் அது. முதலாவது நியமன உறுப்பினர் வந்தது 1889இல். வாக்குரிமை வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, அரசியல் பேசுவதற்கு முதலில் ஒரு பத்திரிகை வேண்டும் என்று கண்டியில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

அதே அச்சு மறுபக்கமும் வேலை செய்தது. கம்பளையில் பெரஹரா பள்ளிவாசலைக் கடந்து போகும்போது மேளம் அடிக்கலாமா என்ற வழக்கு 1914, 1915ஆம் ஆண்டுகளில் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கரையோர முஸ்லிம் வியாபாரிகளைப் பழித்து எழுதிய சிங்கள ஏடுகள் அந்நாளில் இருந்தன. 1915 மே இறுதியில், வெசாக் இரவில், கண்டி நகரின் ஒரு பள்ளிவாசல் முன்பாக மூண்ட கலவரம் சில நாட்களுக்குள் பல மாகாணங்களுக்குப் பரவியது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ரயில் போன வழியே வதந்தியும் போயிற்று என்பது அக்கால வரலாற்றை ஆராய்ந்தோர் காட்டுகிற ஒன்று. வதந்தி தனக்கென்று ஒரு வாகனம் செய்துகொள்வதில்லை. அந்தந்தக் காலத்தில் எது வேகமாகப் போகிறதோ அதில் ஏறிக்கொள்கிறது.

1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தது. லேக் ஹவுஸ் ஏடுகள் தேர்தல்களின் குரலாயின. 1973இல் அந்த நிறுவனத்தை அரசு கையேற்றது. அதன்பின் எந்தக் கட்சி ஆட்சியில் இருக்கிறதோ அக்கட்சியின் முகம் அந்தப் பக்கங்களில் பெரிதாகத் தெரிந்தது. 1982இல் ரூபவாஹினி வந்தது. தொண்ணூறுகளில் தனியார் தொலைக்காட்சிகள் வந்தபோது, இனி ஒரு பக்கச் சாய்வு குறையும் என்று எங்களில் பலர் நம்பினோம். குறையவில்லை, சாய்வுகளின் எண்ணிக்கை கூடியது. ஆளும் தரப்பின் பக்கம் அரச ஊடகமும், தம் முதலாளியின் விருப்பப் பக்கம் தனியார் ஊடகமும் சாய்வதைத் தேர்தலுக்குத் தேர்தல் கண்காணிப்பாளர்கள் எழுதிக்கொண்டே வந்தார்கள்.

*

2018 பெப்ரவரி 10ஆம் திகதி உள்ளூராட்சி சபைகளுக்கான தேர்தல் நாடு முழுவதும் ஒரே நாளில் நடந்தது. வாய்க்காலும் தெருவிளக்கும் பார்க்கும் சபைகளுக்கான தேர்தல்தான். ஆனால் எல்லோரும் அதை நாட்டின் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். புதிதாகத் தோன்றிய பொதுஜன பெரமுன 340 சபைகளில் 200க்கு மேற்பட்டவற்றில் முன்னணிக்கு வந்தது. கொழும்பில் ஜனாதிபதியும் பிரதமரும் ஒருவரை ஒருவர் குற்றஞ்சாட்டத் தொடங்கினர். நாட்டை யார் நடத்துகிறார் என்று தெரியாத சில வாரங்கள் அவை.

அந்த வாரங்களில்தான், பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவுக்கடையில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு காணொளி பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்த ‘மாத்திரை’ வெறும் மாவுச்சத்து என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பிற்பாடு சொன்னது. உண்மை வந்து சேர்ந்தபோது பார்வையாளர்கள் கலைந்து போயிருந்தார்கள். அதே நாட்களில் தெல்தெனியவில் ஒரு வீதித் தகராறில் நான்கு முஸ்லிம் இளைஞர்கள் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கினார்கள். அவர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். இதை நாம் மறைத்துப் பேசக்கூடாது. அவருக்கும் ஒரு வீடும் குடும்பமும் இருந்தன. குற்றத்துக்குச் சட்டம் இருந்தது. பொலிஸார் கைதும் செய்திருந்தார்கள்.

மார்ச் 5, திங்கட்கிழமை. திகனவில் கடைகள் எரிந்தன. எரிந்த ஒரு வீட்டினுள் சிக்கிய முஸ்லிம் இளைஞர் ஒருவரின் உடலை மறுநாள் எடுத்தார்கள். 6ஆம் திகதி ஜனாதிபதி சிறிசேன அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். 2011க்குப் பிறகு நாட்டில் அதுவே முதல் தடவை. திகன கடைவீதியில் நடந்தபடி, இங்கே சிங்களவர் கடைகள் எத்தனை, முஸ்லிம்கள் கடைகள் எத்தனை என்று எண்ணிக்காட்டும் ஒரு காணொளி ஏற்கனவே ஆயிரக்கணக்கான கைகளில் இருந்தது. வாப்பாவின் துணி மேசையில் வாக்குகளை எண்ணியதை நான் பார்த்திருக்கிறேன். கடைகளை எண்ணியதை அப்போதுதான் பார்த்தேன்.

7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை முடக்கியது. ஏறக்குறைய ஒரு வாரத்துக்குப் பின், பேஸ்புக் நிறுவனத்தின் பிரதிநிதிகள் கொழும்பு வந்து பேசியபின் தடை முழுதாக நீங்கியது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பைப் படித்து நீக்குவதற்குப் போதிய ஆட்கள் அந்த நிறுவனத்திடம் இருக்கவில்லை. எங்கள் தெருவில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கிய வசனம், உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றுக்கு விளங்கவில்லை. 2020 மே மாதத்தில், தமது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் விளைந்த பாதிப்புகளுக்காக அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. இரண்டு வருடங்களுக்கு மேல் எடுத்து வந்த மன்னிப்பு அது.

*

இனி நான் சொல்லப்போவது நிறுவனத்தைப் பற்றியதல்ல.

மார்ச் 5 அன்று பின்னேரம், அஸருக்குப் பின், எனது கைத்தொலைபேசிக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தது. வத்தேகமப் பக்கமிருந்து பத்து பஸ்களில் ஆட்கள் வருவதாகவும், மெனிக்ஹின்னப் பகுதியில் உள்ள முஸ்லிம் வீடுகளை இன்றிரவு கொளுத்தப் போவதாகவும் இருந்தது. யார் எழுதியது என்று இல்லை. கீழே ‘உடனே பகிரவும்’ என்று இருந்தது. மூலம் கேட்காமல் எதையும் எழுதாதே என்று இருபத்தைந்து வருடங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். ஒரு நிமிடத்துக்குள் அதை நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். ஐந்தாவதாக, அந்தப் பக்கம் குடியிருந்த என் ராத்தாவுக்கு.

ராத்தாவும் மச்சானும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டைப் பூட்டிவிட்டு, பிரதான வீதிக்கு வரப் பயந்து, பின்புற மிளகுத் தோட்டத்துப் பாதையால் இறங்கினார்கள். டோர்ச் அடிக்கவும் பயம். நீரிழிவு உள்ள மனுஷி, இருட்டில் கானில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போய்த் தம் வீட்டு அறையில் கிடத்தியவர் அயலிலிருந்த ஒரு சிங்கள அம்மா. இரவு முழுக்க ஊரடங்குச் சட்டம். விடிந்தபின்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடிந்தது.

பஸ்கள் வரவில்லை. பத்தும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ராத்தாவின் வீடு பூட்டியது பூட்டியபடி இருந்தது. முற்றத்தில் காயப்போட்ட உடுப்புகூட அப்படியே கொடியில் கிடந்தது.

ராத்தா இன்றும் ஊன்றுகோலுடன்தான் நடக்கிறார். ஆனால் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் ஒன்றைச் சொல்வார்: “தம்பி அனுப்பின மெஸேஜாலதான் நாங்க உசிரோட ஈக்கிற.” நான் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணீர் குடிப்பேன்.

நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்பது உண்மை. எங்கள் கைகளிலும் அதே கருவிதான் இருந்தது என்பதும் உண்மை. வெறுப்பை அனுப்பியவரும் பயத்தை அனுப்பியவரும் தொட்டது ஒரே பொத்தானைத்தான். 2019 ஜனவரியில், ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி வட்ஸ்அப் உலகம் முழுவதும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதைப் பத்திரிகையில் படித்தபோது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் அனுப்பியது சரியாக ஐந்து. அந்தக் கட்டுப்பாடு இருந்திருந்தாலும் என் செய்தி போயிருக்கும்.

*

2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள் செய்த அந்தப் பாதகத்தின் பின் மீண்டும் சமூக ஊடகத் தடை, மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் மீண்டும் எரிந்த கடைகள். நாடு ஜனாதிபதித் தேர்தலுக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

மே 23இல் ‘திவயின’ நாளிதழ், ஒரு முஸ்லிம் வைத்தியர் நான்காயிரம் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்று முதற்பக்கத்தில் போட்டது. குருநாகல் வைத்தியர் ஷாபி கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் காணவில்லை. சில வருடங்களின் பின் அவருடைய பதவியும் நிலுவைச் சம்பளமும் திரும்பக் கிடைத்தன. அந்தப் பணத்தை அவர் மருந்து வாங்கக் கொடுத்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொய்யைப் பரப்புவது கைத்தொலைபேசி மட்டும்தான் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். இதுவோ ஆசிரியர் பீடம் உள்ள, அச்சில் வந்த பத்திரிகை. அம்பாறையின் மாவுக் கட்டியும் குருநாகலின் நான்காயிரமும் ஒரே கதையின் இரண்டு பதிப்புகள். பேஸ்புக்கில் பழகிய கதையை அச்சு எடுத்துக்கொண்டது. அச்சில் வந்ததைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. அதைப் படமெடுத்து மீண்டும் பேஸ்புக்கில் போட்டார்கள். இந்த வட்டத்தில் தொடக்கம் எது என்று பிடிக்க முடியாது.

மே 31இல் கண்டி தலதா மாளிகை முன்பாக ஒரு பௌத்த பிக்கு பாராளுமன்ற உறுப்பினர் உண்ணாவிரதம் தொடங்கினார். ஜூன் 3இல் கண்டி நகரம் கடையடைத்து நின்றது. இரண்டு முஸ்லிம் ஆளுநர்களும், அரசாங்கத்தில் இருந்த முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் பதவி விலகினார்கள். அதே ஜூனில் முஸ்லிம் கடைகளில் உண்ணவேண்டாம், வாங்கவேண்டாம் என்று கண்டிப் பகுதியில் ஒரு மூத்த தேரர் பேசியது காணொளியாக ஓடியது.

நவம்பர் 16இல் தேர்தல். வேட்பாளர் 35 பேர். வாக்குச்சீட்டு இரண்டு அடிக்கும் அதிக நீளம். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம்களின் பஸ்கள் மீது அதிகாலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களின் பிரயாணம் அது. உயிர்ச்சேதம் இல்லை. கோட்டாபய ராஜபக்ஷ 52.25 வீதம் பெற்று வென்றார்.

*

சந்தையைப் பற்றிப் பேசும்போது நமது பத்திரிகைகள் கொழும்புப் பங்குச் சந்தையைச் சொல்கின்றன. எனக்கு இரண்டு சந்தைகள் தெரியும்.

முதலாவது சந்தை, உறுதியான அரசு வந்துவிட்டது என்று 2019 நவம்பரில் மகிழ்ந்து ஏறியது. டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது, வியாபாரிகள் கைதட்டினார்கள். கடன் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் அப்போதே முகம் சுளித்தன. வருமானத்தை இழந்த அரசு, பெருந்தொற்றும் வந்து சேர, வெளியே கடன் வாங்க வழியின்றி நின்றது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 ரூபாவைத் தொட்டது. ஜூலையில், அமோக வாக்குகளால் வந்த ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார். தேர்தல் முடிந்த திங்கட்கிழமை சந்தை சொல்வது அந்த வாரத்தின் மனநிலையை மட்டுமே. அதைத் தீர்ப்பாக வாசித்தவர்கள் ஏமாந்தார்கள்.

இரண்டாவது சந்தை எங்கள் கடைவீதி. வாப்பாவுக்குப் பின் தம்பிதான் கடையை நடத்துகிறார். புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் எங்களுக்குக் கடனுக்குச் சரக்குத் தருவது பின்திகதியிட்ட காசோலையை நம்பி. வழமையாக அறுபது நாள் தவணை. தேர்தல் அறிவித்ததும் அது முப்பதாகும். 2019இல் தம்பியிடம் ஒருவர் கைக்காசு கேட்டார். அவரும் முஸ்லிம்தான், கோபித்துப் பயனில்லை. “திகனயில ஈக்கிற கடைக்கு எப்பிடி நானா கடன் குடுக்கிற?” என்று கேட்டாராம். ஊரின் பெயரே கடன் தரத்தைக் குறைத்துவிட்டது. மதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுக்குப் போடும் எழுத்துக்களைப் போல, புறக்கோட்டையில் எங்களுக்கும் ஓர் எழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த வருடம் பெருநாள் துணியைத் தம்பி அரைவாசியே எடுத்தார். வாக்களிப்புக்கு முந்திய இரவு, புதிய சரக்கையெல்லாம் ஒரு வேனில் ஏற்றிக் கண்டியில் ஒரு சிங்கள நண்பரின் களஞ்சியத்தில் வைத்தார். எங்கள் கடைவீதியின் குறியீட்டு எண் அதுதான்: தேர்தலுக்கு முதல்நாள் எத்தனை கடைகளில் சரக்கு வெளியேறுகிறது என்பது.

*

2024 செப்டெம்பர் 21. மீண்டும் ஒரு ஜனாதிபதித் தேர்தல். இம்முறை வேறு விதிகள் இருந்தன. 2023இன் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் முதன்முதலாக வேட்பாளரின் செலவுக்கு எல்லை போட்டது: ஒரு வாக்காளருக்கு 109 ரூபா. 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. வெறுப்பைத் தடுப்பதற்கென்று சொல்லி வந்த அச்சட்டம், ஆட்சியாளரை விமர்சிப்பவர் வாயை அடைக்கவும் உதவும் என்று எழுத்தாளர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. 2018இல் தளங்களை முடக்கிய அதே கை 2022 ஏப்ரலில், மக்கள் பெற்றோலுக்கும் மின்சாரத்துக்கும் வீதிக்கு இறங்கியபோதும் தளங்களை முடக்கியதை நாம் பார்த்தோம். எங்களைக் காப்பாற்ற என்று எடுத்த பூட்டு, எல்லோருக்கும் எதிராகப் பாவிக்கப்படலாம்.

வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்னதாகப் பிணைமுறிக் கடன்காரர்களுடன் கொள்கையளவில் உடன்பாடு கண்டதாக அரசு அறிவித்தது. அநுர குமார திசாநாயக்க வென்ற மறுதிங்கள் அந்தப் பிணைமுறிகளின் விலை சரிந்தது, பிறகு மீண்டது. இடதுசாரி வந்தால் சந்தை வீழும் என்றவர்கள், டிசெம்பரில் பங்குச் சுட்டெண் 15,000ஐத் தாண்டியதைப் பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை இரவு 10 மணிக்கு ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். ராத்தா எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். தம்பியின் சரக்கு இம்முறை கடையை விட்டு வெளியேறவில்லை. யாருக்கும் 50 வீதம் கிடைக்காததால், இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டியிருந்தது. பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் முடிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். நான் ஒரு கடதாசியை எடுத்து, வாப்பாவைப் போல எண்களை எழுதத் தொடங்கினேன்.

நள்ளிரவு தாண்டியிருக்கும். ராத்தா கேட்டார்: “தம்பி, மெஸேஜ் ஏதும் வந்தா?”

அப்போது சொன்னேன். பத்து பஸ் செய்தியை நான் விசாரிக்காமல் அனுப்பினேன் என்றும், அது பொய் என்றும், ஆறு வருடங்களாக அது எனக்குத் தெரியும் என்றும்.

ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊன்றுகோலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப ஊட்டுக்குள்ளயே ஈந்திருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. ஸுபஹுக்கு எழுப்பிவிடச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அந்தச் செய்தி இப்போது என்னிடம் இல்லை. அந்தத் தொலைபேசி பழுதாகிவிட்டது. நூறு வருடத்துக்கு முந்திய ஒரு பத்திரிகைத் தாள் எங்கோ ஓர் ஆவணச் சாலையில் மிஞ்சும். யார் எழுதினார், யார் அச்சிட்டார் என்று அதன் அடியில் பெயர் இருக்கும். 2018இன் திகனவை எரித்த சொற்களுக்கும், ராத்தாவை விழுத்திய என் சொற்களுக்கும் அடியில் பெயர் இல்லை. ஆகவே இதை இங்கே என் பெயரில் எழுதிவைக்கிறேன். வாப்பாவின் சிட்டைகள் தண்ணீரோடு போய்விட்டன. இது தாளில் இருக்கட்டும்.